செத்த மந்திரவாதியின் சம்மதம்

"முன்னால நில்லுங்கண்ணே, இங்க பெரியவர் நீங்கதானேன்னு சொன்னது நீ. நின்னேன். பெருச்சாளி கடிச்சது என்னை. செத்தது நான். இப்ப காபி ஆறிப் போச்சுன்னா அதுக்கும் நான்தான் பொறுப்பா?"

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில், என் வீட்டுக்காரர் அறவாழியைப் பார்த்துத் துரைக்கண்ணு அண்ணன் கேட்டது இது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்ணன் மேல்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கேட்கும்போது நல்ல உயிரோடுதான் இருந்தார். செத்தது கணினித் திரையில் அவர் பங்குக்கு வந்த மந்திரவாதி.

விஷயம் இதுதான். என் மகள் இளவேனில் பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் கணினி விளையாட்டு செய்கிறாள். வீரன், மந்திரவாதி, வைத்தியர், திருடன் என்று நாலு பேர் கூட்டாகப் பூதத்தைப் பிடிக்கப் போகும் கதை. ஒருவருக்கொருவர் கைகொடுத்தால்தான் குகையைத் தாண்ட முடியும். அவள் தூக்கம் கெட்டுச் செய்ததே அந்தக் கூட்டாளித்தனத்தைத்தான். அவளுடைய முதலாளி கௌஷிக்குக்கு அதில் நம்பிக்கை இல்லை. புதிதாக ஆட வருகிறவர்களால் நாலு பேரை மேய்க்க முடியாது, மூவரை வெட்டிவிட்டு வீரனை மட்டும் வைத்துக்கொள்வோம் என்கிறார். கடைசியில் ஒரு பேரம் பேசினார்கள். கணினி விளையாட்டையே தொட்டிராதவர்கள், ஞாயிறு மாலைக்குள் முதல் குகையைத் தாண்டிக் காட்டினால் நாலு பேரும் பிழைப்பார்கள். இல்லையென்றால் மூவருக்குக் கத்தரி.

ஒன்றும் தெரியாத ஆள் வேண்டும் என்றதும் மகளுக்கு அப்பா ஞாபகம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. மீதி மூன்று பேரை அவர் எங்கள் குடியிருப்பிலேயே பிடித்துவிட்டார். இந்த மாதிரி ஆட்களுக்கு எங்கள் குடியிருப்பில் என்றைக்கும் தட்டுப்பாடு வந்ததில்லை.

இவர் வீரன். துரைக்கண்ணு அண்ணன் மந்திரவாதி. எதிர்வீட்டு கோவர்த்தனன் வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர், அதனால் வைத்தியர். மிஞ்சியது திருடன் வேஷம். அது சகாயநாதன் தலையில் விழுந்தது. அவர் சர்ச் சங்கத்துப் பொருளாளர். கீழே கிடந்த குடையைக்கூடப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்த மனிதர்.

ஆரம்பக்காரர்களுக்கு என்று இளவேனில் சில குறிப்புகளைப் போனில் சொன்னாள். இவர் அதைக் கொட்டை எழுத்தில் அட்டையில் எழுதி, என்னுடைய காலண்டருக்கு மேலேயே ஒட்டிவிட்டார். கடைசியாக அவள் சொன்னது: "நீங்களா யோசிச்சு ஆடணும்ப்பா. குகையைத் தாண்டுற வரைக்கும் வெளியாள் யார் யோசனை சொன்னாலும் கேக்காதீங்க. நானே வந்து சொன்னாலும் கேக்காதீங்க." கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் நினைவில் வைத்திராத மனிதர், இதை மட்டும் கல்வெட்டாக நெஞ்சில் பதித்துக்கொண்டார்.

முதல் குறிப்பு, பலசாலியை முன்னால் நிறுத்தி, மெலிந்தவரைப் பின்னால் வையுங்கள் என்பது. திரையில் வீரன் ஆட்டுக்கல் மாதிரி இருந்தான். மந்திரவாதி தாடியும் தடியுமாக, ஊதினால் பறக்கிற கிழவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். இவர்கள் இட்லி ஆறும்வரை யோசித்தார்கள். பலத்தில் பெரிய பலம் படிப்புதான் என்றார் சகாயநாதன். அதுவும் போக, பெரியவரைப் பின்னால் நடக்கவிட்டு நாம் முன்னால் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார் இவர். ஊர் எல்லையில் ஒரு பெருச்சாளி வந்தது. அது என்ன நினைத்ததோ தெரியாது, முன்னால் நின்றவரைக் கடித்தது.

அந்த நிமிஷத்திலிருந்து துரைக்கண்ணு அண்ணன் மோவாயைத் தூக்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுத்துவிட்டார். செத்தவனிடம் யாரும் பேசக் கூடாதாம். இன்னொரு காபி கொண்டுபோனேன். செத்தவருக்குக் காபி எதற்கு என்று வாய்வரை வந்துவிட்டது. அவரே கண்ணைத் திறக்காமல், "படையல்னு நினைச்சு வச்சிட்டுப் போங்க தங்கச்சி" என்றார். சர்க்கரை குறைச்சல் என்று பிறகு சொல்லி அனுப்பினார்.

கோவர்த்தனன் பையில் உயிர்மூலிகை ஒன்று இருந்தது. இறந்தவரை எழுப்புவதற்கென்றே மகள் வைத்தது. ஆனால் அட்டையில், யாருக்குக் காயம்பட்டாலும் உடனே மருந்து கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் இருக்கிறது. கோவர்த்தனன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிரேதத்தை உற்றுப் பார்த்தார்.

"காயத்துக்குத்தான் மருந்துன்னு போட்டிருக்கு. அண்ணனுக்குக் காயம் இல்ல. மரணம்."

"அப்ப மரணத்துக்கு?"

"எழுதல."

நால்வரும் பிரியாமல் ஒன்றாகவே போங்கள் என்பது இன்னொரு குறிப்பு. அதனால் மந்திரவாதியின் உடலை வீரன் தோளில் போட்டுக்கொண்டான். திரையில் மட்டும் ஒன்றாகப் போயிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். பால் வாங்க இவர் இறங்கினால் மற்ற மூவரும் கூடவே இறங்கினார்கள். செத்தவர் கடைசியில், செருப்பைத் தேய்த்துக்கொண்டு. ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மூவர் வாசலில் நின்றார்கள். நான் படித்த கான்வென்ட்டின் மதர் பார்த்திருந்தால் நால்வரையும் வராந்தாவில் முட்டி போட வைத்திருப்பார்.

அதைவிடக் கொடுமை கதவுக் குறிப்பு. எந்தக் கதவைத் திறப்பதற்கும் முன்னால் ஆட்டத்தைச் சேமித்து வையுங்கள், உள்ளே ஆபத்து இருந்தால் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்பது அவள் சொன்னது. எந்தக் கதவு என்று அவள் சொல்லவில்லை. காஸ்காரர் மணி அடித்தார். இவர் வாசலுக்கு ஓடாமல் கணினிக்கு ஓடினார், சேமித்தார், பிறகு போய்த் திறந்தார். அதற்குள் காஸ்காரர் சிலிண்டரோடு அடுத்த தெருவில் இருந்தார். அலமாரிக் கதவு, பிரிட்ஜ் கதவு, குளியலறைக் கதவு எல்லாவற்றுக்கும் இதே ஓட்டம். தயிர் எடுக்கப் போன என்னைக் கோவர்த்தனன் பதறிப்போய்த் தடுத்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா, இன்னும் சேமிக்கல. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம திறக்காதீங்க." முந்தாநாள் வைத்த ரசம் இருக்கிறது என்றேன். அப்படியானால் கண்டிப்பாகச் சேமிக்கத்தான் வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர்.

பார்க்கிற எல்லோரிடமும் பேசுங்கள் என்றும் அட்டையில் இருந்தது. பேசினார்கள். திரையில் இருந்த கோழியிடம்கூடப் பேசிப் பார்த்தார்கள். கிணற்றடியில் குடத்தோடு ஒருத்தி நின்றாள். எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றையே சொன்னாள்: "மேற்கே இருக்கும் குகைக்குப் போகாதீர்கள். போனவர்கள் திரும்பியதில்லை."

நாலு பேரும் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிழக்கே போனார்கள்.

கிழக்கே கடல்தான் இருந்தது. கடலுக்கு அப்பால் மகள் எதுவும் செய்து வைக்கவில்லை. சனிக்கிழமை பூராவும் மூன்று பேரும் ஒரு பிணமும் கடலை முட்டிக்கொண்டு நடந்தபடி இருந்தார்கள். சாயங்காலம் காய்கறி நறுக்கிக்கொண்டே, குகை மேற்கே இருக்கிறது, போக வேண்டியதும் அங்கேதான் என்று சொன்னேன். வெளியாள் யோசனை என்று இவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஞாயிறு காலை சகாயநாதன் பூசை முடிந்து தெளிவோடு வந்தார்.

"அந்தப் பிள்ளை மேற்கே போகாதேன்னுதான் சொல்லிச்சு. நாம கிழக்கே பார்த்தபடி பின்னால நடந்தா அது மேற்கே போறதாகாது. கிழக்கேயிருந்து விலகுறது, அவ்வளவுதான்."

இதை எல்லோரும் ஆராய்ந்தார்கள். குறை எதுவும் தெரியவில்லை. மூன்று பேரும் ஒரு பிணமும் கிழக்கே முகத்தை வைத்துக்கொண்டு, பின்புறமாகவே ஊரைக் கடந்து, வயலைக் கடந்து, குகைக்குள் போனார்கள். வழியில் கிணற்றடிப் பெண்ணுக்குக் கையும் காட்டினார்கள்.

குகை ஒரு பாழடைந்த கோயிலுக்கு அடியில் இருந்தது. கோயில் என்றதும் இரும்புக் காலணியைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். உள்ளே தரை முழுக்க முள். கோவர்த்தனனின் மருந்தில் கொஞ்சம் அங்கேயே தீர்ந்தது. அடுத்து ஒரு பூட்டிய கதவு. பூட்டைத் திறக்கிற வித்தை திருடனுக்கு மட்டும்தான் தெரியும். சகாயநாதன் கதவைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லாத நேரத்தில் திறப்பது தப்பாம். உள்ளே இருந்த பூதத்துக்கே பொறுக்கவில்லை போலும், கதவை உடைத்துக்கொண்டு அதுவே வெளியே வந்தது.

அன்று சாயங்காலம் கௌஷிக் ஏதோ கல்யாணத்துக்கு மதுரைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கி முடிவைப் பார்ப்பதாக ஏற்பாடு. இளவேனிலும் அதே காரில் வந்தாள். நான் கீழே போய் இருவரையும் அழைத்து வந்தேன். வந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சாவி உள்ளே. மணி அடித்தேன்.

"திறக்க முடியாது. சேமிக்கல" என்றது இவர் குரல்.

"அப்ப சேமிச்சிட்டுத் திறங்க."

"சண்டை நடக்கும்போது சேமிக்க முடியாதாம். திரையில எழுத்தாவே வருது."

இளவேனில் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் மூவரும் சுற்றிப் போய்க் கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதல் மாடியில் வராந்தா ஓரமாக ஜன்னல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

சண்டை மத்தியானச் சாப்பாட்டிலிருந்து நடக்கிறதாம். வீரன் பூதத்தை ஓங்கி ஒரு வெட்டு வெட்டுவான். பூதத்துக்குக் காயம்படும். யாருக்குக் காயம்பட்டாலும் உடனே மருந்து என்பது குறிப்பு. கோவர்த்தனன் பூதத்துக்குக் கட்டுப் போடுவார். அது தெம்பாக எழுந்து வீரனை அடிக்கும். அவனுக்கும் ஒரு கட்டு. எதிரிக்கு எதற்கு மருந்து என்று இவர் நடுவில் ஒருதரம் கேட்டாராம். வாசலுக்கு வந்த நோயாளியிடம் நீ யார் என்று கேட்டு ஊசி போட்டதில்லை என்று கோவர்த்தனன் சொல்லிவிட்டாராம்.

நாங்கள் போன நேரம் மருந்துப் பை காலியாகியிருந்தது. வீரன் இன்னொரு வெட்டு வெட்டினான். இந்தத் தடவை கட்டுப் போட எதுவும் இல்லை. பூதம் மண்டியிட்டது. கையைக் கூப்பியது. திரையில் எழுத்து வந்தது: "சரணடைகிறேன். ஏற்றுக்கொள்கிறீர்களா?" கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள்.

இளவேனில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கௌஷிக் கடிகாரத்தைப் பார்த்தார். கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். "அந்த 'ஆம்'-ஐ அழுத்தினா குகை முடிஞ்சது, நாலு பேரும் இருக்கட்டும், நான் வாயே திறக்கல" என்றார் கௌஷிக். "ஆனா நான் இப்பக் கிளம்பணும்."

"அப்பா, ஆம்னு அழுத்துங்கப்பா" என்றாள் மகள்.

இவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீயே வந்து சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு சொன்ன பிள்ளைதானேம்மா நீ" என்றார் பாசமாக.

பிறகு மூன்று பேரும் ஆலோசனையில் இறங்கினார்கள். சரணாகதி பெரிய விஷயம், அதைக் கூட்டத்தில் மூத்தவர்தான் ஏற்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெரியவர் இருக்கும்போது நான் எப்படிப் பொத்தானில் கை வைப்பது என்றார் இவர். மூவரும் எழுந்து, பணிவாகச் சாய்வு நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். துரைக்கண்ணு அண்ணன் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தார்.

"அண்ணே, பூதம் சரணடையுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

துண்டு அசையவில்லை.

"பெருச்சாளி விஷயத்தை மனசுல வச்சுக்காதீங்கண்ணே. தப்பு என்னுதுதான்."

துண்டு லேசாக மேலெழுந்து தணிந்தது. அவ்வளவுதான்.

"மௌனம் சம்மதம்னு சொல்வாங்களே" என்றார் சகாயநாதன்.

கோவர்த்தனன் தலையை ஆட்டினார். "அது கல்யாண வீட்டுல. சாவு வீட்டுல எப்படிப்பா செல்லும்?"

அது நியாயம் என்று மூவருக்கும் பட்டது. அப்படியே நின்றார்கள்.

ஹாரன் மறுபடி அடித்தது. திரையில் பூதம் கூப்பிய கையை இறக்காமல் ஒருதரம் நெளிந்தது. புதிதாக ஒரு வரி ஓட ஆரம்பித்தது. இளவேனில் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் வரட்டும் என்று அவள் சும்மா எழுதிப் போட்ட வசனமாம் அது. உலகத்தில் எவனும் அதைப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தாளாம்.

"ஐயா," என்றது பூதம், "முழங்கால் வலிக்கிறது. யாராவது ஒருவர் ஏதாவது சொல்லுங்களேன்."