ஓலே என்ற சொல்

குருபாதம் ஐயா மலையேறும்போது பேசமாட்டார். அவருக்குப் பின்னால் அவருடைய சீடர்கள் இருவரும் பேசாமல் ஏறினார்கள். முன்னால் ஆசீர், பின்னால் சில்வான்.

பேசாமல் என்றால் வாயால்தான். ஆசீரின் மனசு அடிவாரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தது.

மூவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வடக்கே, பஸ் போய் நிற்கிற கடைசி ஊருக்கும் அப்பால் இருந்த இந்த மலைகளுக்கு வேதம் சொல்லவும் மருந்து கொடுக்கவும் வந்தவர்கள். வெயில் காலத்தில் ஏறுவார்கள். மழைக்கு முன்னால் இறங்கிவிடுவார்கள். மழை வந்தால் ஆறு பெருகிவிடும். பிறகு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

இந்த வருஷம் ஐயா புதிதாக ஒன்று சொல்லியிருந்தார்.

"மழை முடியுற வரைக்கும் நம்மில ஒருத்தர் கோர்மாவுல தங்கட்டும்."

கோர்மா என்பது மலை உச்சியில் இருக்கிற ஊர்.

"யாரு ஐயா தங்கணும்?" என்று ஆசீர் கேட்டான்.

"ஊரு யாரைக் கேக்குதோ, அவரு."

அந்த இடம் தனக்குத்தான் என்று ஆசீர் நெடுநாளாக நினைத்திருந்தான். நினைக்கக் காரணமும் இருந்தது. மலைச்சனங்களின் பாஷையை வருஷக்கணக்காக உட்கார்ந்து கற்றவன் அவன். எந்தச் சொல் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று ஐயாவுக்கு அடுத்தபடி அவனுக்குத்தான் தெரியும். அவன் பேசினால் மலையில் பெரியவர்கள் தலையசைப்பார்கள். "சரியாகப் பேசுகிறாய்" என்பார்கள்.

சில்வான் வந்து முழுசாக ஒரு வெயில் காலம்கூட ஆகவில்லை. அவன் பேசினால் யாரும் தலையசைக்கமாட்டார்கள். சிரிப்பார்கள். கீழ்மலை ஊரில் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கப் போய், மாமியார் வேண்டும் என்று கேட்டுவிட்டான். அந்த வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. தன் மாமியாரையே கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"கொண்டு போ. ஆனால் திருப்பித் தரக் கூடாது" என்றார்.

ஊரே சிரித்தது. மாமியாரும் சிரித்தாள். அன்றிலிருந்து, இவர்கள் ஏறிவரும் சத்தம் கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மாமியார்க்காரன் வந்திருக்கிறானா?"

ஆசீர் வந்திருக்கிறானா என்று யாரும் கேட்டதில்லை.

இன்று காலையிலும் அப்படித்தான். கீழ்மலை ஊரைக் கடக்கும்போது ஒரு பெண் ஓடிவந்து, அவித்த கிழங்கைச் சில்வானின் பையில் திணித்துவிட்டுப் போனாள். சில்வான் அதைப் பிட்டு, பெரிய துண்டை ஆசீருக்குக் கொடுத்தான்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. நல்ல கிழங்கு."

நல்ல கிழங்குதான். ஆசீர் அதை ருசி பார்க்காமல் விழுங்கினான்.

முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது என்பார்கள். அந்தச் செவிக்கு எப்படி இருந்தது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆசீரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

பாதி வழியில் ஓர் ஊற்று. ஐயா பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சில்வான் மெல்ல நகர்ந்து ஆசீரிடம் வந்தான்.

"அண்ணாச்சி, ஒரு உதவி."

"என்ன?"

"ஊருக்குள்ள நுழைஞ்சதும் நீங்க சொல்லுவீங்கள்லா, 'உங்க ஆடு நல்லாருக்கட்டும், உங்க பிள்ளை நல்லாருக்கட்டும்'னு? கோர்மாவுல நானும் அதைச் சொல்லணும். ஆடு தெரியும், பிள்ளை தெரியும். 'உங்க'ங்கறதுக்குத்தான் என்னன்னு தெரியல."

"உனக்கு எதுக்குப்பா வார்த்தை? நீ வாயத் தொறந்தாலே சிரிக்காங்களே."

"அதான் அண்ணாச்சி. ஒரு தரமாவது சிரிக்காம கேக்கட்டுமேன்னு பாக்கேன்."

'உங்கள்' என்பதற்கு மலைப்பாஷையில் மிரா என்பார்கள். 'நம்முடைய' என்பதற்கு ஓலே. இரண்டையும் மாற்றிச் சொல்லக் கூடாது. அடுத்தவர் பொருளைப் பார்த்து ஓலே என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தப் பொருளின் பாடு சொன்னவர் தலையில் விழும். அது மலை வழக்கம். உப்பு விற்க வந்த வியாபாரி ஒருவன் நாக்குப் பிசகி, யாருடைய ஆட்டையோ பார்த்து ஓலே ஆடு என்று சொல்லிவிட்டான். உடனே ஆட்டுக் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். மேய்த்துத் திருப்பிக் கட்டிவிட்டுத்தான் அவன் உப்பு மூட்டையை அவிழ்த்தான். அந்தக் கதையை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து ஆசீர் அந்தச் சொல்லை வாயில் வைத்ததே இல்லை.

"ஓலே" என்றான் ஆசீர்.

"ஓலே ஆடு. ஓலே பிள்ளை. சரியா அண்ணாச்சி?"

"சரி."

"நீங்க இல்லாட்டி நான் இந்த மலையில ஊமைதான்."

ஆசீருக்கு உள்ளே கொஞ்சம் குறுகுறுத்தது. ஆனால் சில்வான் ஆட்டுக் கயிற்றோடு புதர் புதராக இழுபடுவதை நினைத்துப் பார்த்தான். 'இவன் விளையாட்டுப் பிள்ளை, இவனை வைத்துக்கொண்டு மழைக்காலத்தை எப்படிக் கழிப்பது' என்று ஊர் பேசிக்கொள்வதையும் நினைத்துப் பார்த்தான். குறுகுறுப்பு போய் இனிப்பு வந்தது.

அவர்கள் கோர்மாவுக்குள் நுழைந்தபோது ஆடுகள் மேயப் போகாமல் பட்டியிலேயே கிடந்தன. ஊர்த்தலைவி கிர்சாவின் வாசலில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கிர்சாவின் மகளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. சின்னப் பெண். போன வருஷம் ஐயாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க ஓடியவள்.

ஐயா கிர்சாவின் எதிரில் உட்கார்ந்தார்.

ஆசீர் முன்னால் போனான். "மிரா பிள்ளை போய்விட்டாள். எங்களுக்கு வருத்தம்" என்று அவர்கள் பாஷையில் பிசகில்லாமல் சொன்னான். கிர்சா தலையசைத்தாள்.

அடுத்து சில்வான் வந்தான்.

அவன் வாய்க்குள் எந்தச் சொல் இருக்கிறது என்று ஆசீருக்குத் தெரியும். ஆட்டுக்காகக் கொடுத்த சொல் அது. சாவு வீட்டுக்காகக் கொடுத்ததில்லை. கையை நீட்டினால் தடுத்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில்தான் நின்றான். தொண்டையைச் செருமினான். அதோடு சரி.

"ஓலே பிள்ளை" என்றான் சில்வான். அதற்கு மேல் அவனுக்கு வார்த்தை தெரியவில்லை. "ஓலே பிள்ளை" என்று மறுபடியும் அதையே சொன்னான். பிறகு அழுதுவிட்டான்.

யாரும் சிரிக்கவில்லை.

கிர்சா எழுந்து உள்ளே போனாள். ஒரு பானையை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

சாவு விழுந்த வீட்டார் அந்த மலையில் மழை முடியும்வரை தண்ணீர் சுமக்கமாட்டார்கள். போன உயிரை ஓலே என்று யார் சொன்னார்களோ, அவர்கள்தான் அந்த வீட்டுக்குச் சுமக்க வேண்டும். சில்வானுக்கு இது எதுவும் தெரியாது. பானைக்குள் பார்த்தான். காலியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடையைத் தேடிப் போனான்.

"மழை முடியும்வரை அவன் இங்கே இருக்கட்டும்" என்று கிர்சா ஐயாவிடம் கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றார் ஐயா.

அப்போது கிர்சா ஆசீர் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்கு எங்கள் பேச்சு வராதே. இந்தச் சொல்லை யார் கொடுத்தது?"

"நான்தான்."

"நீ பல வருஷமாக வருகிறாய். அதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஐயா பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, செருப்பில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆசீர் அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, நான் எதுல கொறஞ்சு போனேன்?"

"எதுல கொறஞ்சே?"

"பாஷை தெரியாதவன். பிரசங்கம் வராதவன். தண்ணிக்குப் பதிலா மாமியாரைக் கேட்டவன். அவனைப் போய்க் கேக்காங்க. எனக்கும் துக்கம் இருக்கு ஐயா. எனக்கு அழுகை சட்டுனு வராது."

"அவனுக்கு வருது. அதுக்கு என்ன செய்ய முடியும்?"

"அதுவும் நான் கொடுத்த வார்த்தைய வச்சு."

"நல்ல வார்த்தைதான கொடுத்தே?"

ஆசீர் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல ஐயா. அவன் கேட்டது மிரா. நான் கொடுத்தது ஓலே."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். கையில ஆட்டக் கொடுத்துருவாங்கன்னு நினைச்சேன்."

ஐயா முள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தூரப் போட்டார்.

"அவன்கிட்டச் சொன்னியா?"

"எப்படி ஐயா சொல்ல? சாவு வீட்டுக்குன்னு ஒரு வழக்கம் இருக்குல்லா. பொழுது சாயுறதுக்குள்ள கிர்சா அவன்கிட்ட வந்து கேப்பா, அறிஞ்சு சொன்னியா, அறியாமச் சொன்னியான்னு. அறியாமன்னு சொன்னா பானையை வாங்கி வச்சிருவாங்க. கோவிக்கமாட்டாங்க. அப்புறம் இந்த இடம் எனக்குத்தான் வரும். இப்பப் போய் நான் உண்மையச் சொன்னா, இடத்துக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும்."

"ஆயிரும்."

"சொல்லாட்டி?"

"பேருக்காகச் சொல்லாம விட்ட மாதிரி ஆயிரும்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஓடைக்கு இந்த வழியாத்தான போகணும்?" என்றார்.

இருவரும் நடந்தார்கள். எதிரே சில்வான் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறி வந்தான். தண்ணீரில் பாதி அவன் சட்டையில் இருந்தது.

"சில்வான், நில்லு" என்றான் ஆசீர். "நீ கேட்ட வார்த்தை மிரா. நான் ஓலேன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

"மறந்து போச்சா அண்ணாச்சி?"

மறந்துவிட்டது என்று சொல்லிவிட ஒரு வழி திறந்தது. ஆசீர் அதையும் பார்த்தான்.

"மறக்கல. ஊரு உன்னப் பாத்துச் சிரிக்கட்டும்னு சொன்னேன். உன்ன எல்லாரும் தேடுதாங்க. எனக்கு அது பொறுக்கல."

பிறகு ஓலே என்றால் என்ன, பானை எதற்கு, மழை முடியும்வரை யார் தண்ணீர் சுமக்க வேண்டும், கிர்சா வந்து என்ன கேட்பாள் என்று எல்லாவற்றையும் சொன்னான். எதையும் விடவில்லை.

மாமியாரை உட்காரவைத்தபோதுகூடச் சிவக்காத சில்வானின் முகம் சிவந்தது.

"ஆட்டுக்குன்னு சொல்லிக்கொடுத்தது சரி. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லப் போகையில பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"நின்னுக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா."

பானையிலிருந்து தண்ணீர் சில்வானின் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

வெயில் இறங்கும் நேரம். மேலேயிருந்து கிர்சா வந்தாள். சில்வானின் முன்னால் நின்று, தன் பாஷையில் கேட்டாள்:

"அறிந்து சொன்னாயா? அறியாமல் சொன்னாயா?"

அவனுக்கு அந்தச் சொற்கள் புரியவில்லை. கேள்வி புரிந்தது. அவளைப் பார்த்தான். தோளிலிருந்த பானையை மறு தோளுக்கு மாற்றினான்.

"அண்ணாச்சி" என்றான். குரலில் இன்னும் கோபம் இருந்தது. "அப்பச் சொல்லும்போது எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். இப்ப அறிஞ்சே சொல்லுதேன். அதை இந்தம்மாகிட்டச் சொல்லணும். அறிஞ்சுங்கறதுக்கு இவங்க பாஷையில என்ன வார்த்தை?"

கேட்டுவிட்டு, ஊற்றருகே கேட்டது போலவே, காதை ஆசீர் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றான்.

ஆசீருக்கு இரண்டு சொற்களும் தெரியும். ஒன்று பானையை அந்தத் தோளிலேயே வைத்துவிடும். மற்றது இறக்கிவிடும். இரண்டும் நாக்கு நுனியில் வந்து நின்றன. கிர்சா காத்திருந்தாள்.

ஆசீர் திரும்பி ஐயாவைப் பார்த்தான்.

"என்னைய எதுக்குப் பாக்கே?" என்றார் ஐயா. "அவன் உன்கிட்டல்லா கேக்கான்."