ஆள் தேவை விளம்பரம்

பேச்சியம்மாள் டீச்சருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வளைகுடா நாட்டுக்குக் கணக்கு டீச்சராக வந்தவள். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கும்போதே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் நல்ல வேலை தருகிறேன் என்றது. வியாழக்கிழமைக்குள் இப்போதைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வேலை போச்சு. கேட்ட குற்றத்துக்கு இந்த வேலையும் போய் ஊருக்கு விமானம் ஏறவேண்டியதுதான்.

பள்ளி முதலாளி கனகசபாபதி சுழல்நாற்காலியில் ஆடிக்கொண்டே சொன்னார்: "தாராளமாப் போம்மா. நீ செய்யுற வேலை அத்தனையும் செய்ய ஒரே ஒரு ஆளைப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போ."

"சரிங்க சார்."

மறுநாள் புதன்கிழமை, ஆள் தேவை விளம்பரத்தை எழுதி நீட்டினாள். வாரம் நாற்பத்தொரு வகுப்பு. காலையில் பஸ்ஸில் பிள்ளைகளுக்குக் காவல். விடுமுறை நாளில் முதலாளி மகளுக்கு டியூஷன்.

"கையெழுத்தும் சீலும் போடுங்க சார். கல்வி அலுவலகம் பார்த்து அனுமதிச்சாத்தான் பேப்பர்ல வருமாம்."

நாற்காலி ஆடுவது நின்றது. எந்த டீச்சருக்கும் இருபத்து நாலு வகுப்புக்கு மேல் இல்லை என்று அந்த அலுவலகத்துக்கு வருஷா வருஷம் எழுதிக் கொடுப்பவரே அவர்தான்.

"இருபத்து நாலுன்னு மாத்து."

"மாத்தலாம் சார். மிச்சத்துக்கு இன்னொரு ஆள் வேணுமே. நீங்க ஒரே ஆள்னுல்ல சொன்னீங்க?"

விளம்பரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்தைக் கிறுக்கினார்.

"இவ்வளவு வேலையா செஞ்சே நீ?"

"எழுதும்போதுதான் சார் நானே பார்த்தேன்" என்றாள் டீச்சர், மை காயுமுன்னே கடிதத்தை எடுத்துக்கொண்டு.