கட்டிலில் ஆறு திரைகள்

திருப்பூரில் டாலர் விலை என்பது மழை நிலவரம் மாதிரி. எல்லோரும் விசாரிப்பார்கள், யாருக்கும் தெரியாது. பனியன் கப்பலேறிப் போகிற ஊரில் அது இயல்புதான்.

நாச்சிமுத்து அதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர், டாலர் ஏறும் என்று தோன்றினால் வாங்குவது, இறங்கும் என்று தோன்றினால் விற்பது என்று வீட்டிலிருந்தே கரன்சி டிரேடிங் செய்ய ஆரம்பித்தார்.

கற்றுக்கொடுத்தவர் கோகிலவாணி. வங்கியொன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து, போதும் என்று வெளியே வந்தவர். நாச்சிமுத்துவைவிட நன்றாகவே வயதில் இளையவர். அதனால் குருவை எப்படிக் கூப்பிடுவது என்பதில் சீடருக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது. வகுப்பில் "மேடம்" என்பார். லாபம் வந்த நாளில் "அம்மணி" என்பார். கொஞ்ச காலமாக "மேடம்" மட்டும்தான்.

முதல் வகுப்பிலேயே குரு சொன்னார்: "ஒரு லேப்டாப். அது மக்கர் பண்ணினா ஒரு போன். முதுகு வலிக்காத ஒரு நாற்காலி. இவ்வளவுதான் சாமான்."

இந்த உபதேசத்தில் நாற்காலியை மட்டும் நாச்சிமுத்து அப்படியே கடைப்பிடித்தார்.

சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில் அவர் குருவுக்குப் போன் செய்தார். "ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போக முடியுங்களா மேடம்? எதைக் கழட்டறதுன்னே தெரியல."

விஷயம் இதுதான். மகள் தலைப்பிரசவத்துக்கு வெள்ளிக்கிழமை வருகிறாள். அவளுடைய அறையில்தான் நாச்சிமுத்துவின் தொழில் நடந்தது. அவளுடைய இரும்புக் கட்டிலைச் சுவரோரமாக நிமிர்த்தி நிறுத்தி, அதன் கம்பிகளில்தான் ஆறு கம்ப்யூட்டர் திரைகளையும் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். ஸ்டாண்டு வாங்குகிற செலவு மிச்சம் என்று அப்போது அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்திருந்தது.

மனைவி துளசிமணி சண்டை எதுவும் போடவில்லை. மெத்தை உறையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். "வெள்ளிக்கிழமைக்குக் கட்டில் வேணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றாள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

கோகிலவாணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது ஒரு கன்னத்தில் நீளமாக ஒரு கோடு பதிந்திருந்தது. ஹெல்மெட் வார் அழுத்தியிருக்கும் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கறனுங்க," என்றாள் துளசிமணி. "செருப்பைக் கழட்டிட்டு உள்ள போங்க. கர்ப்பக்கிரகமாட்ட வெச்சிருக்கறாரு. எங்களையெல்லாம் உள்ள விடறதில்ல."

உள்ளே பனிக்காலமாக இருந்தது. கம்ப்யூட்டர்கள் சூடாகாமல் இருக்க ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சீடர் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார். வெளியே ரோட்டில் தார் உருகிக்கொண்டிருந்தது.

குரு நின்றபடியே ஒவ்வொரு திரையாகப் பார்த்தார்.

"இது எதுக்குங்கண்ணா?"

"பட்ஜெட் அன்னிக்குச் செய்தி பார்க்காம விட்டுட்டனுங்க. பெரிய அடி. மறுநாளே போய் வாங்கிட்டு வந்தேன். செய்திக்குன்னு தனியா."

"பக்கத்துல?"

"அது அமெரிக்காக்காரன் வட்டியை ஏத்தினப்ப. ஐரோப்பாவையும் சேர்த்துப் பார்த்திருந்தா தப்பிச்சிருக்கலாம்னு தோணுச்சு."

"மேலே?"

"அஞ்சு நிமிஷ சார்ட்டு ஏறும்னு சொல்லுச்சுங்க. ஒரு மணி நேர சார்ட்டை மாத்திப் பார்க்கறதுக்குள்ள விழுந்துருச்சு. இப்ப ரெண்டும் ஒண்ணாத் தெரியும்."

"ரெண்டாவது கம்ப்யூட்டர்?"

"முதலாவது ஒரு நாள் நின்னு போச்சு. துணைக்குங்க. அப்படியே துளசிமணி பேர்ல வேற தரகுக் கம்பெனில ஒரு கணக்கும் திறந்துட்டேன்."

"கீழே இவ்வளவு பெரிய பேட்டரி?"

"கரண்டு போனா?"

"போச்சுங்களா?"

"இதை வாங்கினதுக்கப்புறம் போகவே இல்லீங்க," என்றார் நாச்சிமுத்து. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குறை தெரிந்தது.

கொங்கு நாட்டில் காட்டோரங்களில் இன்றும் நடுகல் பார்க்கலாம். ஒருவன் விழுந்த இடத்தில் கல் நட்டு, அவன் உருவத்தையும் ஆயுதத்தையும் செதுக்கி வைப்பார்கள். கோகிலவாணி அந்த ஆறு திரைகளையும் கடந்து போனது அப்படி ஒரு வரிசையைப் பார்த்துக்கொண்டு போவது போல இருந்தது. இங்கே விழுந்தவர் எல்லாக் கல்லிலும் ஒருவரே.

துளசிமணி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"இப்போ கையில என்ன வெச்சிருக்கீங்கண்ணா?" என்று குரு கேட்டார்.

"டாலர் வாங்கி வெச்சிருக்கறனுங்க. சந்தை திறந்ததுமே வாங்கினேன். இந்தப் பக்கம்." நாற்காலியை இடப்பக்கம் சுழற்றிக் காட்டினார்.

"அந்தப் பக்கம்?"

நாற்காலி வலப்பக்கம் சுழன்றது. "இங்கே கொஞ்ச நேரத்துல விழுகிற மாதிரி தெரிஞ்சுது. அதனால வித்து வெச்சிருக்கறேன்."

"அதே டாலரைத்தானுங்களா?"

"அதேதானுங்க."

"அதே அளவு?"

"அதே அளவு."

கோகிலவாணி மோரைக் குடித்தார்.

நாச்சிமுத்து இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதிய மனிதருக்கு இதற்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. டாலர் ஏறினால் இடது கை வாங்குவதை வலது கை கொடுக்கும். இறங்கினால் வலது கை வாங்குவதை இடது கை கொடுக்கும். காலையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கழுத்து மரத்துப் போகும்வரை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் காவல் காத்திருந்தார். காத்தது எதை என்று இப்போதுதான் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் மெதுவாக.

"என்ன ஒண்ணுமில்ல?" என்றாள் துளசிமணி.

"ஒண்ணுமில்ல."

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்," என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

"ரெண்டையும் முடிச்சுருங்கண்ணா," என்றார் குரு.

முடித்தார். இரண்டு பக்கத் தரகுக் கூலி மட்டும் கழிந்தது. திரைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

சீடர் மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், உள்ளதைச் சொல்லிடறேன். அலுத்துப்போச்சுங்க. கண்ணை மூடினாலும் உள்ளே கோடு ஓடுது. பேரன் பேத்தி வர்ற நேரம், கட்டிலைக் கொடுத்தே ஆகணும். அது எனக்குத் தெரியாதுங்களா? ஆனா ஸ்பேனரை எடுத்துட்டு ஒரு திரைகிட்டப் போனா, அடுத்த அடி இதைக் கழட்டினதாலதான் விழப்போகுதுன்னு தோணுது. கையைக் கீழே போட்டுடறேன். நேத்து முழுக்க இதேதான். எதைக் கழட்டறது, எதை வெச்சுக்கறதுன்னு நீங்க வாயைத் திறந்து சொல்லிடுங்க. செஞ்சுடறேன்."

கோகிலவாணி சுவரில் சாய்ந்துகொண்டார். அவரும் களைப்பாகத்தான் தெரிந்தார்.

"இன்னிக்குக் காலைல நான் பணத்தை விட்டுட்டனுங்கண்ணா," என்றார்.

"நீங்களா?"

"நானேதான். இறங்கும்னு நினைச்சேன். ஏறிருச்சு. இதுக்கு மேல நஷ்டம் வேண்டாம்னு போட்டு வெச்ச ஸ்டாப் லாஸ் அடிச்சு வெளியே வந்துட்டேன்."

"எதைப் பார்க்காம விட்டீங்க?"

"பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தனுங்க."

"லைன் ஏதாவது நின்னுதா?"

"நல்லா ஓடுச்சு."

நாச்சிமுத்து காத்திருந்தார். அதற்குமேல் காரணம் எதுவும் வரவில்லை. காரணமே இல்லாத நஷ்டம் ஒன்றை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை; அவருடைய நஷ்டங்கள் எல்லாவற்றுக்கும் பில் இருந்தது.

"அப்புறம் என்னங்க பண்ணுனீங்க?" என்று நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு வந்தார். குரு எந்தச் சாமானின் பெயரைச் சொன்னாலும், அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கிட்டத்தில் பார்த்தபோது கன்னத்துக் கோடு இன்னும் மறையாமல் இருந்தது. ஹெல்மெட் வார் இவ்வளவு அகலமாக, இப்படி மடிப்பு மடிப்பாகப் பதியாது.

"லேப்டாப்பை மூடி வெச்சுட்டுக் கட்டில்ல படுத்தனுங்கண்ணா," என்றார் கோகிலவாணி. "உங்க போன் வந்துதான் எந்திரிச்சேன்."