செண்பகத்தின் தம்பிக்குப் பேர் வைத்த கதை

ஆமாஞ்சேரி எங்கே இருக்கிறது என்று ஆமாஞ்சேரிக்காரர்களைக் கேட்டால், "இங்கதான்" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் வேண்டியதில்லை. நல்ல ஜனங்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். என்ன சொல்கிறோம் என்பதில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அந்த ஊரில் ஒரு பேருக்கு ஒரு ஆள்தான். முன்பு இரண்டு கருப்பையாக்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயத்தை மற்றவருக்குக் கொடுத்துவிட்டார்கள். காய்ச்சல்காரர் தானாக எழுந்துவிட்டார், கஷாயம் குடித்தவர் படுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒருவர் வைத்திருக்கும் பேரை இன்னொருவர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. ஆடு மாடுகளுக்கும் அதே கட்டுப்பாடுதான். ஊரில் இருந்தது ஒரே ஒரு மாடு, தலைவர் சடையாண்டியுடையது. அதன் பேர் மாடு.

அங்கே மருதமுத்து என்று ஓர் இளவட்டம் இருந்தான். அவனுக்குச் சொந்தமாக ஒரு கத்திரித் தோட்டம், ஒரு அக்கா, நிச்சயம் ஆன ஒரு கல்யாணம். பெண் பக்கத்து ஊர் மேலாத்தூர் சோசியர் இருளப்பனின் மகள் குருவம்மா. வெற்றிலை பாக்கு மாற்றிய அன்று அவள் இவனைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். அதை நினைத்து நினைத்து, கத்திரிச் செடிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரைப் பையன் தன் காலில் ஊற்றிக்கொண்டு திரிந்தான்.

அக்கா பொன்னுத்தாயிக்கு மூத்தது செண்பகம் என்று நாலு வயதுப் பெண். இப்போது இரண்டாவதாக ஆண் குழந்தை பிறந்திருந்தது.

"தம்பி, பிள்ளைக்குப் பேர் வைக்கணும்டா. அக்கா பேருக்குப் பொருத்தமா இருக்கணும். வாசல்ல நின்னு ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டா ஒரு வீட்டுப் பிள்ளைங்கன்னு தெரியணும். உன் மாமனாரைக் கேட்டுட்டு வா" என்றாள் பொன்னுத்தாயி.

மருதமுத்து ஓடினான். குருவம்மாவைப் பார்க்கலாமே என்ற ஆசையில் வழியில் செருப்பைக்கூட விட்டுவிட்டான். ஆனால் குருவம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். சோசியர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற நேரத்தில் வந்து நிற்கிறானே என்று அவருக்கு எரிச்சல்.

"நின்ன நிலையில முடிவு பண்ற காரியமாய்யா இது? நாலு பேர் உக்காந்து பேசுங்க. அக்கா பேரோட ஒவ்வொரு பேராச் சேர்த்துக் கூப்பிட்டுப் பாருங்க. எந்தப் பேருக்குப் பிள்ளை திரும்புதோ அதான் பொருத்தம். முடிவு பண்ணாம எந்திரிக்காதீங்க. போ."

மருதமுத்து ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தான். மறுநாள் காலை அவனுடைய கத்திரித் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வெட்டவெளியில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் சடையாண்டி, குழந்தையின் அப்பா சங்கிலி, பூசாரி மொக்கையன், மருதமுத்து. ஐந்தாவதாக உட்கார வந்த ஒருவரைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பொன்னுத்தாயி பிள்ளையைத் துணியில் கிடத்தி ஓரமாக இருந்தாள். தாய் கணக்கில் வரமாட்டாள் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

"செண்பகம்ங்கிறது பூ. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. அதனால நார்னு வைப்போம்" என்று மொக்கையன் ஆரம்பித்தார்.

நாலு பேரும் சேர்ந்து, "செண்பகம்! நாரு!" என்று கூப்பிட்டார்கள். பிள்ளை விரலைச் சப்பியது. செண்பகம்தான் ஓடிவந்தாள்.

"என்ன?"

"உன்னைக் கூப்பிடல தாயி, உன் பேரைத்தான் கூப்பிட்டோம். நீ போய் விளையாடு" என்றார் தலைவர்.

சங்கிலி வெகுநேரம் யோசித்து, பூவுக்குப் பொருத்தம் கூடை என்றான். "செண்பகம்! கூடை!" என்று கூப்பிட்டார்கள். செண்பகம் மறுபடி ஓடிவந்தாள். தலைவர் பூந்தொட்டி என்றார், அதற்கும் வந்தாள். உச்சி வெயிலுக்குள் அந்தப் பிள்ளை ஓடி ஓடிக் களைத்துப்போய், இனிமேல் யார் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊரிலேயே புத்தியுள்ள ஜீவன் அதுதான்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பொன்னுத்தாயி பிள்ளையை முந்தானையில் மூடிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். நாலு பேரும் நனைந்தார்கள். எழுந்திருக்கக் கூடாதே!

"தவழ்ந்து போனா எந்திரிச்சதா ஆகுமா?" என்று மருதமுத்து கேட்டான்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னார். மருதமுத்து கையும் காலுமாகத் தவழ்ந்து வீடு வரைக்கும் போய், ஒரு கோணிச்சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு தவழ்ந்தே திரும்பி வந்தான். அவன் வந்து சேர்வதற்கும் மழை நிற்பதற்கும் சரியாக இருந்தது.

பொன்னுத்தாயி பிள்ளையைக் கொண்டுவந்து பழைய இடத்தில் கிடத்தினாள். அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மாடு வேலியைத் தாண்டிக் கத்திரித் தோட்டத்துக்குள் நுழைந்தது. தலைவர் பதறிப்போய்க் கத்தினார்.

"செண்பகம்! மருதமுத்து! மாடு!"

செண்பகம் அசையவில்லை. மருதமுத்து எழுந்திருக்க முடியாது. மாடு ஒரு செடியைக் கடித்து இழுத்தது, கழுத்து மணி கிணிங் என்றது. துணியில் கிடந்த பிள்ளை, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது.

"திரும்பிட்டான்! எம் பிள்ளை திரும்பிட்டான்!" என்று சங்கிலி அலறினான்.

ஊரே சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் மொக்கையன் விரலைத் தூக்கினார். "பொறுங்க. தலைவர் அக்கா பேரோட ரெண்டு பேர் சேர்த்துச் சொன்னாரு. பிள்ளை திரும்புனது மருதமுத்துக்கா, மாடுக்கா?"

எல்லோரும் கவலையோடு மாட்டையும் மருதமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேருக்குமே ஆள் இருக்கே. யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தாத்தான் உண்டு" என்றான் சங்கிலி.

"மாட்டைக் கேட்டா தராது. மருதமுத்தைக் கேட்டா தருவான். தாய்மாமன் இல்லையா?" என்றார் தலைவர்.

மருதமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மருமகனுக்கு வெள்ளி அரைஞாண் போட வசதியில்லையே என்று அவன் உள்ளுக்குள் குன்றிப்போயிருந்தான். "எடுத்துக்கங்க அத்தான், நான் அதிகம் புழங்கல, இன்னும் புதுசாத்தான் இருக்கு" என்றான். பொன்னுத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொட்டில் போட்ட அன்று, மேளதாளத்தோடு தாய்மாமன் சீர் வந்தது. முன்னால் மருதமுத்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கி வந்தான். அதில் ஒன்றும் இல்லை, பேர்தான் இருந்தது. காற்றில் பறந்துவிடாமல் இருக்க மேலே ஒரு பட்டுத்துணி போட்டு மூடியிருந்தார்கள். தாம்பாளத்தைத் தொட்டிலில் மூன்று தரம் தட்டிக் கவிழ்த்தான். அதோடு பிள்ளை மருதமுத்து ஆனான், இவன் யாருமில்லாதவன் ஆனான்.

முதலில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. கண்மாயில் மண் வெட்ட மருதமுத்துவின் முறை வந்தபோது, மண்வெட்டியைக் கொண்டுபோய்த் தொட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்கள். நம்ம ஆள் நிழலில் படுத்துத் தூங்கினான். ஆனால் சாப்பாட்டு வேளையில் அக்கா வாசலில் வந்து, "செண்பகம்! மருதமுத்து! சாப்பிட வாங்க!" என்று கூப்பிட்டாள். கூப்பிடாத இலையில் போய் உட்காரலாமா? மானஸ்தன், தள்ளி நின்று பார்த்தான். பிள்ளையைத் தூக்கிவந்து இலை முன்னால் வைத்தார்கள். அது ரசத்தில் காலை விட்டு உதைத்தது. செண்பகம் இரண்டு இலையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

பசியைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பெரிய இடி அப்புறம்தான் விழுந்தது. கல்யாண நாள் நெருங்கியதும் தலைவர் அவனை அழைத்து, அதாவது கல்லை எடுத்து எறிந்து திரும்ப வைத்து, விஷயத்தைச் சொன்னார்.

"குருவம்மாவை மருதமுத்துக்குத் தர்றோம்னு நாலு பேர் முன்னாடி வாக்குக் கொடுத்தாங்க. நீ மருதமுத்து இல்ல. மருதமுத்துக்கோ இன்னும் கழுத்தே நிக்கல. அதனால கல்யாணம் இல்லப்பா. நீயே போய்ச் சொல்லிட்டு வந்துரு."

அழுதுகொண்டே மேலாத்தூருக்கு நடந்தான். ஊர்க்கிணற்றில் குருவம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அழுறீங்க?" என்றாள்.

"நான் மருதமுத்து இல்ல புள்ள."

"அப்ப யாரு?"

"யாரும் இல்ல. பேரை அக்கா மகனுக்குக் கொடுத்துட்டேன். இப்ப எனக்குப் பேரே கிடையாது." சொல்லிவிட்டுக் கேவிக் கேவி அழுதான். "உன்னைக் கட்டிக்கணும்னு எம்புட்டு ஆசையா இருந்தேன்!"

குருவம்மா வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகம் மலர்ந்தது. அந்தப் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது, வாய் தவறியும் வரக் கூடாது.

"பேரே இல்லையா? நெசமாவா?" என்றாள். "எங்க அக்கா வீட்டுக்காரர் பேரு சர்க்கரை. பாவம், கடைக்குப் போனா அவளால வாயைத் திறந்து கேக்க முடியல. காபிக்குப் போடுறது கொடுங்கன்னு கேப்பா. கடைக்காரன் காபித்தூளைக் கட்டிக் கொடுத்துருவான். கல்யாணம் ஆனதுலேர்ந்து கசப்புக் காபிதான் குடிக்கிறா. பேரே இல்லாத புருஷன் கிடைக்க நான்ல கொடுத்து வச்சிருக்கணும்! கட்டுனா உங்களைத்தான் கட்டுவேன்."

அவன் திரும்பி வரும்போது கால் தரையில் பாவவில்லை. வழியில் கிடந்த தன் செருப்பைக்கூடக் கண்டெடுத்தான்.

பெண்ணே சம்மதித்த பிறகு தலைவர் என்ன செய்வார்? ஆமாஞ்சேரியிலேயே பந்தல் போட்டார்கள். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் சோசியர் இருளப்பன் முறைக்காக மாப்பிள்ளை பேரைக் கேட்டார். இல்லை என்றார்கள். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பேர் இல்லாதவனுக்கு எப்படிய்யா தாலி எடுத்துக் கொடுக்கிறது? சட்டுனு ஏதாவது ஒரு பேரை வச்சுத் தொலைங்க!"

குருவம்மா தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "வைக்கிறதுதான் வைக்கிறீங்க, அடிக்கடி வாயில வராத பேரா வைங்க."

முறைப்படிதானே வைக்க வேண்டும்? குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துவிட்டு மாப்பிள்ளையைப் போட்டார்கள். காலிரண்டும் வெளியே தொங்கின. அவனுக்கு மூத்தவள் பொன்னுத்தாயி, ஆகவே அவள் பேரோடு பொருந்த வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து, "பொன்னுத்தாயி! தராசு!" என்றார்கள். "பொன்னுத்தாயி! உரைகல்லு!" என்றார்கள். தொட்டில் துணி கழுத்தை இறுக்கியதில் அவனால் எந்தப் பேருக்கும் திரும்ப முடியவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பந்தலில் கட்டிய வாழைமரத்தைத் தின்ன அந்த நேரம் மாடு வந்தது.

"மாடு!" என்று செண்பகம் கத்தினாள்.

மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினான். தொட்டில் கயிறு அறுந்தது. "திரும்பிட்டான்!" என்று பந்தலே ஆர்ப்பரித்தது.

இந்தத் தடவை மாட்டிடமே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "உன் பேரைத் தர்றியா தாயி?" என்று கேட்டார். ஈ மொய்த்ததோ என்னவோ, மாடு தலையை மேலும் கீழும் ஆட்டியது. தாம்பாளத்தில் பேர் வந்தது. சோசியர் தாலியை எடுத்து நீட்டினார். மாடு என்கிற அந்தப் புது மாப்பிள்ளை குருவம்மாவின் கழுத்தில் ஆனந்தமாக மூன்று முடிச்சுப் போட்டான்.

எல்லோருக்கும் நிறைவு. ஒரு குறைதான் பாக்கி. மறுநாள் விடிந்ததும் தலைவர் வெட்டவெளியில் ஊரைக் கூட்டினார். "பேரைக் கொடுத்துட்டு அந்த வாயில்லா ஜீவன் பேரில்லாம நிக்குது. அதுக்கு ஒரு பேர் வைக்கணும். முதல்ல அதோட அக்கா பேரைக் கண்டுபிடிங்க." நாலு பேரும் உட்கார்ந்தார்கள். முடிவு வரும்வரை எழுந்திருக்கக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் கத்திரித் தோட்டத்திலிருந்து குருவம்மா தலைதெறிக்க ஓடிவந்தாள். தலைவர் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். சொல்ல வேண்டியதோ புருஷன் பேர்.

"அவுக... அவுக நம்ம தோட்டத்துல மேயுறாக! பாதிச் செடி போச்சு!"

"யாரும்மா?"

"அவுகதான்! எங்க வீட்டுக்காரக பேரு உள்ளவுக!"

தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். "இவன் இங்கதானே இருக்கான்?"

"அங்கயும் இருக்காக! நாலு காலோட!"

அங்கே இருப்பது இவன்தானா இல்லையா என்று வெகுநேரம் பேசினார்கள். கட்டிய மனைவி சொல்கிறாள், பொய்யாக இருக்காது என்றார் மொக்கையன். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "எதுக்கும் நீயே போய்ப் பார்த்துட்டு வந்துரப்பா, அங்க நீதான் மேயுறியான்னு."

மாப்பிள்ளை எழுந்திருக்காமல், கையும் காலுமாகத் தவழ்ந்து தோட்டத்துக்குள் போனான். ஆள் வருவதைக் கண்டதும் அந்தப் பேரில்லாத ஜீவன் வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. அவன் வரப்பு வரப்பாகத் தேடினான். மென்று துப்பிய செடிகள் கிடந்தன, மேய்ந்தவரைக் காணோம். தவழ்ந்து தவழ்ந்து வாய்க்காலுக்கு வந்தவன் தண்ணீரில் எட்டிப் பார்த்தான். உள்ளே நாலு காலில் நின்றபடி, தலையில் ஒரு கத்திரி இலையோடு, அவனேதான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்தே ஊருக்கெல்லாம் கேட்கும்படி குரல் கொடுத்தான்:

"குருவம்மா சொன்னது சரிதான் தலைவரே! நான்தான் மேயுறேன்! யாராவது வந்து என்னைப் பிடிச்சுக் கட்டுங்க!"