கரடி ஊட்டிய தேன்

மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, கோடையிலும் குளிர்ந்திருக்கும் ஒரு குகையில், காத்தாயி என்ற கரடி தனியாக இருந்தாள். அவளுக்கு ஒரு குட்டி இருந்தது. போன மழையில் காட்டாறு அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. மற்ற விலங்குகளும் அவள் பக்கம் போகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த கரடியிடம் யார் போய் என்ன சொல்வது?

ஒரு நாள் காலை, காட்டை ஒட்டிய மலைப்பாதையில் ஒரு ஜீப் வேகமாக வளைந்து திரும்பியது. அதன் பின்கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. உள்ளே இருந்த கூண்டு ஒன்று சரிந்து புதருக்குள் விழுந்தது. ஜீப் நிற்காமல் போய்விட்டது.

காத்தாயி போய்ப் பார்த்தாள். கூண்டு நசுங்கிக் கதவு பிய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சின்னப் பிராணி நடுங்கிக்கொண்டிருந்தது. எலியைப் போன்ற மூஞ்சி, அணிலைப் போன்ற வால். ரோமம் மட்டும் பஞ்சை விட மென்மையாக இருந்தது.

"நீ யாரு?" என்று கேட்டாள்.

"நான் சின்சில்லா. எங்க இனம் எங்கேயோ தூரத்து மலையில இருக்காம். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஒரு வீட்டுல. பேரு சிமிட்டி."

சிமெண்ட் நிறத்தில் இருந்ததால் அந்த வீட்டுக் குழந்தைகள் வைத்த பெயர் அது.

"என்னைத் தின்னப் போறீங்களா?" என்று சிமிட்டி கேட்டான்.

அவளிடம் ஒருவர் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"இல்லை. என்கூட வா" என்றாள்.

அன்று முதல் சிமிட்டி அவளுடைய பிள்ளை ஆனான். குகையின் உட்சுவரில் ஒரு குறுகலான இடுக்கு இருந்தது. அவன் அதற்குள் புகுந்து தூங்குவான். விழித்தால் குகை வாசலில் இருந்த புற்றுமண் தூளில் புரண்டு குளிப்பான். ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குப் பந்து போலத் துள்ளுவான். அதைப் பார்க்கும்போது காத்தாயிக்கு நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இளகியது.

முதல் நாள் சிமிட்டி ஒன்று கேட்டான். "இங்க காய்ஞ்ச புல் கிடைக்குமா அம்மா?"

காத்தாயி சிரித்துவிட்டாள். "புல்லா? நீ என்ன மாடா? என் வீட்டுக்கு வந்த பிள்ளை காய்ஞ்ச புல்லைத் தின்னணுமா?"

அவள் தன் நகத்தைத் தேனில் தோய்த்து அவன் வாயருகே நீட்டினாள். சிமிட்டி நக்கிப் பார்த்தான். அவன் கண்கள் விரிந்தன. இன்னும் வேண்டும் என்று நகத்தைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் புல்லைப் பற்றிப் பேசவில்லை.

காத்தாயி தன் குட்டிக்குக் கொடுக்க முடியாமல் போனதை எல்லாம் அவனுக்குக் கொடுத்தாள். உயர்ந்த மரங்களில் ஏறித் தேனடை எடுத்து வந்தாள். பலாச்சுளை, நாவல்பழம், இலந்தை என்று அவன் முன்னால் குவித்தாள். தேனீக்கள் கொட்டி அவள் மூக்கு வீங்கியிருக்கும். "வலிக்குதா அம்மா?" என்று அவன் கேட்பான். "நீ தின்னு கண்ணு, எனக்கு வலி தெரியாது" என்பாள்.

சடையன் என்ற மரநாய் இதையெல்லாம் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிமிட்டியைப் பார்த்த நாள் முதல் அவன் வாயில் எச்சில் ஊறியது. ஆனால் கரடியை நினைத்தால் பயமாகவும் இருந்தது. அதனால் அவன் மெதுவாக நட்புப் பிடித்தான்.

"அக்கா, உன்னை மாதிரி ஒரு தாயை நான் பார்த்ததில்லை" என்றான் ஒரு நாள். "பிள்ளை எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான் பாரு. அந்த வீட்டுல புல்லைப் போட்டுப் பட்டினி போட்டிருக்காங்க, பாவிகள்."

காத்தாயிக்கு அந்தப் பேச்சு இனித்தது. அவளைப் பாராட்டிப் பேச அந்தக் காட்டில் வேறு யாரும் இல்லை. சடையன் அடிக்கடி வரத் தொடங்கினான்.

நாட்கள் போயின. சிமிட்டியின் துள்ளல் குறைந்தது. எந்நேரமும் படுத்தே கிடந்தான். வாயிலிருந்து எச்சில் வழிந்து தாடை ரோமம் நனைந்து ஒட்டிக்கொண்டது. பலாச்சுளையை ஆசையோடு எடுப்பான், ஆனால் கடிக்க முடியாமல் கீழே போட்டுவிடுவான். வயிறு மத்தளம் போல இறுகியிருந்தது.

"என்னடா கண்ணு பண்ணுது?"

"ஒண்ணும் இல்லைம்மா."

காத்தாயி இன்னும் நல்ல பழமாகத் தேடினாள். இன்னும் கெட்டியான தேனாகத் தேடினாள். அவன் உண்ணாதபோது மடியில் போட்டு ஊட்டினாள்.

சடையன் வந்து பார்த்தான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"பிள்ளை வாடிட்டானே அக்கா. இந்தத் தேன் அவனுக்குப் போதலை. யானைப்பாறைக்கு அந்தப் பக்கம், செங்குத்துச் சரிவுல மலைத்தேன் இருக்கு. அதுல ரெண்டு வாய் போனா எழுந்து ஓடுவான்."

"அது ரொம்ப தூரமாச்சே. இவனைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

"ஏன், நான் இல்லையா காவலுக்கு?"

காத்தாயி அவனை ஒரு கணம் பார்த்தாள். "வேண்டாம். யாராவது வந்தா இவன் இடுக்குக்குள்ள போயிடுவான். நீ உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

யானைப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு புல்வெளி இருந்தது. அங்கே வெள்ளச்சி என்ற காட்டுமுயல் தன் குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தாள். கரடியைக் கண்டதும் குட்டிகள் சிதறி ஓடின. ஒரு குட்டி மட்டும் ஓடவில்லை. அது ஒரு காய்ந்த புல் தண்டை மும்முரமாகக் கொறித்துக்கொண்டிருந்தது. வெள்ளச்சி பாய்ந்து வந்து அதற்கு முன்னால் நின்றாள்.

காத்தாயி குட்டியின் வாயைப் பார்த்தாள். முன்னால் நீண்ட, உளி போன்ற பற்கள். வந்த புதிதில் சிமிட்டியின் பற்களும் இப்படித்தான் இருந்தன. இப்போது அவை வளைந்து வாய்க்குள் மடங்கி இருக்கின்றன. தினமும் ஊட்டும்போது பார்த்தும் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முயல் பயப்படாமல் இருக்க முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"நான் உங்களை ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடுறேன். உன் பிள்ளை ஏன் இந்தக் காய்ஞ்ச புல்லைத் தின்னுது? இவ்வளவு பச்சை இருக்கே?"

வெள்ளச்சி குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "எங்க பல்லு சாகுற வரைக்கும் வளர்ந்துகிட்டே இருக்கும். புல்லை மென்னு மென்னுதான் தேயணும். தேயலைன்னா வாயையே குத்தும். வயிறும் அப்படித்தான். புல் உள்ள போய்க்கிட்டே இருந்தாத்தான் ஓடும்."

"பழமும் தேனும் கொடுத்தா?"

"ருசியாத்தான் இருக்கும். ஆனா மெல்ல வேலை இல்லையே. வயித்துல போய்ப் புளிச்சுக் காத்தா நிக்கும். அப்புறம் வயிறு நின்னுபோகும். வயிறு நின்னா எங்க சாதி பிழைக்கிறது கஷ்டம்."

காத்தாயி எழுந்தாள். யானைப்பாறை இருந்த பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வந்த வழியே ஓடினாள்.

குகை வாசலுக்கு வரும்போதே சிமிட்டியின் கிறீச்சென்ற குரல் கேட்டது. சடையன் உள்ளே இருந்தான். சிமிட்டி இடுக்குக்குள் தலையையும் தோளையும் நுழைத்திருந்தான். வயிறு நுழையவில்லை. பின்னங்கால்கள் வெளியே நின்று உதைத்துக்கொண்டிருந்தன. சடையனின் வாயில் ஒரு கொத்து ரோமம் இருந்தது.

காத்தாயி உறுமிய உறுமலில் குகையே அதிர்ந்தது. அவள் அடித்த அடியில் சடையன் வாசலைத் தாண்டி உருண்டு போய் விழுந்தான். எழுந்து, நொண்டிக்கொண்டே ஒரு மரத்தில் ஏறினான். எட்டாத உயரத்துக்குப் போன பிறகு திரும்பினான்.

"என்னை ஏன் அடிக்கிறே? நான் வாயால நாலு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். ஊட்டினது நீதானே?"

காத்தாயி அவனைத் துரத்தவில்லை. அவன் சொன்னது பொய் இல்லை. அது அவளுக்குத் தெரிந்தது.

அவள் சிமிட்டியை மெல்ல வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காயம் பெரிதில்லை. ஆனால் அவன் கண்கள் மூடியிருந்தன. மூச்சு வேகவேகமாக வாங்கியது.

"உனக்குப் புல்லுதான் வேணும்னு ஏன்டா சொல்லலை?"

"முதல் நாளே கேட்டேன்மா. நீங்க சிரிச்சீங்க." அவன் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினான். "அப்புறம் எனக்கும் தேன்தான் பிடிச்சுப்போச்சு. வயிறு வலிச்சப்போ சொல்லலாம்னு நினைச்சேன். உங்க மூக்கு வீங்கியிருந்துச்சு. எப்படிச் சொல்றது?"

காத்தாயி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

காய்ந்த புல்லைக் கொண்டு வந்து கல்லில் வைத்து மாவு போல் இடித்தாள். சுனைநீரில் குழைத்துத் துளித்துளியாக அவன் வாயில் விட்டாள். அவன் வயிற்றைத் தன் மூக்கால் மெல்ல நீவிக்கொண்டே இருந்தாள். அவன் துப்பினால் மறுபடி விட்டாள். இனி பிழைக்க மாட்டான் என்று அவளே நினைத்த நேரமும் உண்டு. அப்போதும் நீவுவதை நிறுத்தவில்லை.

ஒரு காலையில் சிமிட்டி இரண்டு புழுக்கைகள் போட்டான். எவ்வளவு சின்னவை! காத்தாயி அவற்றைப் புதையலைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

வெள்ளச்சி புல்வெளி விளிம்பு வரை வந்து, எந்தப் புல் நல்லது என்று தூரத்தில் நின்றே காட்டிக்கொடுத்தாள். காத்தாயி அதை அறுத்து வெயிலில் உலர்த்தினாள். பூஞ்சணம் பிடித்ததைத் தூர எறிந்தாள். கடிக்கக் கொய்யாக் குச்சிகள் கொண்டு வந்து போட்டாள். சிமிட்டியின் பற்கள் மெல்லத் தேய்ந்தன. ஒரு பக்கத்துப் பல் மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது. அதனால் அவன் முன்னை விட மெதுவாகத்தான் உண்பான்.

ஆனால் உயிர் திரும்பியதும் ஆசையும் திரும்பியது.

"அம்மா, ஒரு சொட்டுத் தேன் கொடுங்க."

"கிடையாது கண்ணு."

"ஒரே ஒரு சொட்டு. நகத்துல தொட்டுத் தந்தாப் போதும்."

"கிடையாது."

"அப்போ உங்களுக்கு என்மேல இருந்த பாசம் போயிடுச்சா?"

காட்டாறு குட்டியை இழுத்துப் போன நாளுக்குப் பிறகு அவ்வளவு வலித்த ஒரு சொல்லை அவள் கேட்டதில்லை. நகத்தைத் தேனில் தோய்க்க அவளுக்கு ஒரு கணம் போதும். அவன் முகம் மலர்ந்துவிடும். அவள் அருகில் இருந்த தேனடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஓடைக்கு அப்பால் கொண்டு போய்ப் போட்டாள். எறும்புகள் மொய்த்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். தானும் இனி குகைக்குள் தேன் உண்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

சிமிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. காத்தாயி அவன் முன்னால் புல்லை வைப்பாள், கெஞ்ச மாட்டாள், திட்டவும் மாட்டாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பாள்.

பசி வந்தபோது அவன் ஒரு புல் தண்டை இழுத்தான். முதலில் முறைத்துக்கொண்டே மென்றான். பிறகு முறைக்க மறந்துவிட்டான். கறுக் கறுக் என்ற சத்தம் குகைக்குள் இடைவிடாமல் கேட்டது. தின்று முடித்ததும் வாசலுக்குப் போய்ப் புற்றுமண்ணில் ஒரு புரள் புரண்டான். எழுந்து உதறிக்கொண்டு, பாறை மேல் தாவினான். தாவல் கொஞ்சம் தடுமாறியது. ஆனால் விழவில்லை.

காத்தாயி பாறைக்குக் கீழே நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவன் அடுத்த தாவலுக்குத் தயாராவதைப் பார்த்தாள்.

அன்பாக வளர்க்கும் உயிருக்கு நமக்குப் பிடித்ததையும் அது கேட்பதையும் கொடுப்பது எளிது. அதன் உடம்புக்கு ஏற்றதை மட்டும் கொடுத்து, அதன் கோபத்தையும் பொறுத்துக்கொள்வதே உண்மையான அன்பு.