கற்பூரம் திருடிய மூக்குகள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் நீங்கள் மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவீர்களே என்று நான் சொல்லாமல் விடும் ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். அவருக்குத் தேங்காய் அளவு கற்பூரக் கட்டி ஒன்று பரிசாக வந்தது. அரண்மனைச் சாமான்கள் இருக்கும் உக்கிராண அறையைப் பார்த்துக்கொள்ளும் திருமேனி, வழக்கப்படி அதைக் கொஞ்சம் மிளகோடு சம்புடத்தில் போட்டு இறுக மூடினான்.

ராஜா எட்டிப் பார்த்தார். "சீ! எலிப் புழுக்கை மாதிரி என்னடா இது? மிளகை வீசு. வெள்ளித் தட்டில் திறந்து வை!" என்றார். ராஜாவே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?

கோடை கழிந்து பார்த்தால், தட்டில் எலுமிச்சை அளவுதான் மிச்சம்! சாவியோ திருமேனியிடம் மட்டுமே இருந்தது. பிடித்துக் கைவிலங்கு மாட்டிவிட்டார்கள். இந்தத் திருமேனி, அரண்மனை விகடன் சாத்தப்பனின் தங்கை புருஷன். சாத்தப்பனைக் கண்டாலே வயிறெரியும் மந்திரி வேங்கடநாதருக்கு இது போதாதா?

"அரசே, திருடிய கையை வெட்டுவதே நீதி" என்றார் மந்திரி.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. "உருகியிருந்தால் ஈரம் இருக்கும். எரிந்திருந்தால் கரி இருக்கும். ஒன்றையும் காணோமே! சாத்தப்பா, பொருள் யாரிடம் இருக்கிறதோ அவனே திருடன். இப்போதே காட்டு. இல்லையேல் உன் மைத்துனன் கை போய்விடும்."

சாத்தப்பனுக்குத் தங்கை முகம் கண்ணில் வந்து நின்றது. சட்டென்று தட்டை எடுத்து மந்திரியிடம் நீட்டினான்.

"மணக்கிறதா, மந்திரியாரே?"

"கமகமவென்று மணக்கிறது. அதற்கென்ன?"

"சேவகா, பிடி இவரை! திருட்டுக் கற்பூரம் இவர் மூக்குக்குள் இருக்கிறது!"

சேவகன் சங்கிலியோடு ஓடி வந்து திருதிருவென்று விழித்தான். அவனுக்கும் மணந்தது! சபையில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"அடேய், எனக்கும் மணக்கிறதே! அப்படியானால் நானுமா திருடன்?" என்று அலறினார் ராஜா.

"அரசே, நெய் உருகி ஓடும். நீர் காய்ந்து ஆவியாகும். கற்பூரம் அவசரக்காரப் பயல். நடுவில் நீராகி நிற்காமல் நேரே காற்றில் ஏறிவிடும். திறந்து வைத்த தட்டிலிருந்து ஊரார் மூக்குக்கெல்லாம் போய்விட்டது!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிழைத்துக்கொண்டாய் போ! என்ன பரிசு வேண்டும், கேள்!"

"கற்பூரம் தானாகக் கரையும் அரசே, இரும்பு கரையாது. முதலில் திருமேனியின் விலங்கைக் கழற்றச் சொல்லுங்கள்" என்றான் சாத்தப்பன்.

ராஜா சிரிப்பை நிறுத்தினார். இறங்கி வந்து, தம் கையாலேயே விலங்கைக் கழற்றினார்.