திரை வரும் வரை

ஆற்றங்கரை மடமொன்றின் ஏட்டறையில் கணினிகள் மூன்று இருந்தன. அவற்றுக்குத் திரை ஒன்றே. விசைப்பலகையும் மவுஸும் அப்படியே. நடுவில் ஒரு சிறு பெட்டி. அதன்மேல் மூன்று பொத்தான்கள். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அதற்குரிய கணினி திரையில் எழும். விசைப்பலகையும் அதற்கே பணி செய்யும்.

முதற் கணினியில் பதிகச் சுவடிகளின் பாடம் ஒப்புநோக்கப்பட்டு வந்தது. இரண்டாவதில் அடியார்களின் வாட்ஸ்அப் செய்திகள். மூன்றாவது, மண்டபத்து அறிவிப்புத் திரையில் பூசை நேரங்களைக் காட்டும்.

மூன்றையும் கவனித்தவர் கச்சபேசன். தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்று, அறுபத்து மூன்றாம் வயதில் திருத்தொண்டுக்கு வந்தவர். அவர் குருவாகக் கொண்ட ஐயாறப்பத் தம்பிரானோ அவரினும் இருபது வயது இளையவர்.

குருபூசைக்கு மூன்று நாள் இருந்தது. காலை வழிபாடு முடிந்து, நீறு பெற்ற கையோடு கச்சபேசன் தம்பிரான் முன் வந்து நின்றார்.

"அடியேனுக்கு விடை தர வேண்டும், சுவாமி. ஊருக்குப் போகிறேன்."

"எப்போது திரும்புவீர்கள்?"

"திரும்புவதாக இல்லை."

தம்பிரான் காரணம் கேட்கவில்லை. கச்சபேசன் தாமே மடத்துக் கைப்பேசியை எடுத்து நீட்டினார்.

பர்வதவர்த்தினி என்னும் அம்மையார் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. சித்திரையில் காலமான தம் கணவர் மார்க்கசகாயத்தின் பெயரைக் குருபூசை விளக்கு வரிசையில் சேர்க்க வேண்டுமென்று கேட்டிருந்தார். கீழே மடத்தின் மறுமொழி:

"இஃது இடைச்செருகல். நீக்குக."

தம்பிரான் இருமுறை படித்தார்.

"எட்டாம் பாட்டுக்கு எழுதிய குறிப்பல்லவா இது?"

"அதுவேதான். நேற்றிரவு மண்டபத் திரையில் நேரத்தைத் திருத்திவிட்டு, ஒன்றாம் பொத்தானை அழுத்தப் போனேன். விரல் இரண்டில் விழுந்திருக்கிறது. கண் ஏட்டின்மேல் இருந்தது. எழுதி, என்டரையும் தட்டிவிட்டேன். அங்கே அம்மையாரின் செய்தி திறந்திருந்தது."

"மன்னிப்புக் கேட்டீர்களா?"

"உடனே எழுதினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. முதல் பேருந்தில் புறப்பட்டு வந்து மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார். மூன்றுக்கும் மூன்று திரை வாங்கித் தாருங்கள் என்று தையிலேயே கேட்டேன், சுவாமி."

"வாங்கலாம். விசைப்பலகையும் மூன்று வாங்கலாம். கைகள் உங்களுக்கு இரண்டுதானே? ஆறுமுகப் பெருமானைத்தான் ஏட்டறைப் பணிக்கு அழைக்க வேண்டும்."

கச்சபேசன் சிரிக்கவில்லை.

தம்பிரான் எழுந்து ஏட்டறைக்கு நடந்தார். பெட்டியைச் சுட்டி, "ஒரு பொத்தானை அழுத்துங்கள்" என்றார்.

கச்சபேசன் அழுத்தினார். திரை இருண்டது.

"இந்த இருள் எவ்வளவு நேரம்?"

"இரண்டு மூச்சு, சுவாமி."

"அதற்குள் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"எழுதத் தொடங்கிவிடுவேன். நாற்பது ஆண்டுப் பழக்கம். கை காத்திராது."

திரை ஒளிரும் வரை தம்பிரான் நின்றார். பிறகு, "வாருங்கள், மண்டபத்துக்குப் போவோம்" என்றார்.

அம்மையார் ஒரு தூணருகே தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார். மடியில் துணிப்பை. மூன்று தூண் தொலைவிலேயே கச்சபேசன் கைகூப்பிப் பேசத் தொடங்கிவிட்டார்.

"அம்மா, அது தங்களுக்கு எழுதியதன்று. சுவடியில் ஒரு பாட்டு, மற்ற ஏடுகளில் அது இல்லை. மூன்று கணினிக்கும் ஒரே திரை. விரல் தவறி..."

அம்மையார் நிமிரவில்லை.

"முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவருங்க. இடைச்செருகல்னா என்னன்னு பேத்தியத்தான் கேட்டேன். நடுவுல யாரோ சொருகிட்டுப் போனதாம். மடத்துல நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"அப்படியன்று, அம்மா. அந்தப் பெட்டியில் பொத்தான்கள் அருகருகே..."

தம்பிரானின் கை அவர் தோள்மேல் அமர்ந்தது.

"திரை இன்னும் வரவில்லை, ஐயா."

கச்சபேசன் நிறுத்தினார். கூப்பிய கைகளை இறக்கினார். அம்மையாருக்கு எதிரே வெறுந்தரையில் அமர்ந்தார்.

வெகுநேரம் கழிந்தது. மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் அவ்விருவரையும் சுற்றிப் பெருக்கிப் போனார்கள். அதன் பிறகே அம்மையார் நிமிர்ந்தார். கச்சபேசன் அந்த முகத்தைப் பார்த்தார்.

"அவரு பேரைச் சேப்பீங்களா?"

"சொல்லுங்கள், அம்மா."

"மார்க்கசகாயம்."

கச்சபேசன் எழுந்து ஏட்டறைக்குப் போனார். இரண்டாம் பொத்தானை அழுத்திவிட்டு, இருண்ட திரையின் முன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.